மணியின் வட்டில்

நாயின் நன்றியைப் பற்றிக் கட்டுரை எழுதாத பள்ளிச் சிறுவர் தமிழ்நாட்டில் இரார். ஆயின், அந்நன்றியுள்ள உயிருக்கு நாம் இடும் உணவைப் பற்றி எழுதுவார் அரியர். தமிழ் இலக்கியம் பயிலும் எமக்கு இப்பொருள் எங்ஙனம் வாய்த்தது என்று அன்பர்கள் வினவலாம். பழைய நூல்களில் ஞமலி என்றும் ஞாளி என்றும் வரும் சொற்களுக்கு நாய் என்று பொருள் எழுதிப் பாடம் செய்த யாம், அவ்வுயிரின் வயிற்றைப் பற்றி ஒருநாளும் எண்ணியதில்லை. 2024ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவு எம்மை எண்ணச் செய்தது. அன்று நிகழ்ந்ததையும், அதனால் யாம் கற்றதையும் ஒளிவின்றி ஈண்டு உரைப்போம். இதனைப் படிப்போர் இல்லத்தில் ஒரு நாயேனும் அதனால் நலம் பெறுமாயின், எமக்கு அதுவே போதும்.

எம் வீடு திருநெல்வேலியை அடுத்த ஒரு சிற்றூரில் உள்ளது. யாம் பத்தாம் வகுப்பிற் பயின்ற காலத்தில், மழைநாள் ஒன்றில், கோயில் மதிலோரம் நனைந்து கிடந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வந்தோம். அதற்கு மணி என்று பெயரிட்டோம். பெயரிட்டவர் யாமே ஆயினும், சோறிட்டவர் எம் பாட்டியார். நாள்தோறும் சோறு வடித்தவுடன், குழம்போ உப்போ சேருமுன், மணிக்கென ஒரு பங்கை எடுத்து வைப்பார். உப்பும் காரமும் இன்றி வேகவைத்த முட்டையோ, சிறிது கோழியிறைச்சியோ, ஈரலோ, அன்று கிடைத்தது எதுவோ, அதனைப் பிசைந்து ஆறவைத்து, ஓரம் நசுங்கிய ஓர் அலுமினிய வட்டிலில் இடுவார். காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. இடையில் ஒன்றும் இல்லை. மணியும் அவ்வட்டிலின் ஓசை கேட்ட மாத்திரத்தில் எங்கிருந்தாலும் ஓடி வரும்.

2024ஆம் ஆண்டில் யாம் கல்லூரியிற் சேர்ந்து விடுதி வாழ்க்கையை மேற்கொண்டோம். முதல் விடுமுறைக்கு ஊர் சென்றபோது வாயிலில் நின்று மணியை அழைத்தோம். அது எழுந்து வந்தது. எம் கையை மோந்தது. ஒரு கணம் தயங்கி நின்றது. அதன் பின்னரே வாலை ஆட்டியது. அவ்வொரு கணம் எம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. எம்மை மறந்துவிட்டதோ என்று அஞ்சினோம். அன்று மாலையே கடைக்குச் சென்று ஒரு பொட்டலம் பிஸ்கோத்து வாங்கி வந்து, ஒன்றன்பின் ஒன்றாக முழுவதையும் கொடுத்தோம். மணி எம் காலடியை விட்டு அகலவில்லை. நினைவைக் காசு கொடுத்து வாங்கலாம் என்று யாம் கற்றுக்கொண்ட நாள் அது.

அதன்பின் ஒவ்வொரு முறையும் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் மணிக்கு ஏதேனும் வாங்காது வீடு செல்வதில்லை. பிஸ்கோத்து ஒருமுறை, பாலேட்டு ரொட்டி ஒருமுறை, ஊர்ப் பெருமைக்குரிய அல்வாவும் ஒருமுறை. நெய் ஒழுகும் அவ்வல்வாவை எம் விரல்களோடு சேர்த்து அது நக்கியபோது யாம் அடைந்த இன்பம் சிறிதன்று. ஆனால், யாம் விடுதிக்குத் திரும்பிய பின்னர் இரண்டு நாள் மணி பாட்டியார் இட்ட சோற்றைத் தொடாது கிடக்கும் என்பதையும், அதன் வயிறு இளகி முற்றத்தைக் கழுவும் வேலை அம்முதியவருக்கே வாய்க்கும் என்பதையும் யாம் பின்னரே அறிந்தோம். ஒருமுறை பாட்டியார் மெல்லச் சொன்னார்: “ஐயா, நீ கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறாய், கொடுத்ததன் பலனைப் பார்க்கிறவள் நான்தானே.” யாம் சிரித்து மழுப்பினோம்.

அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் வந்தது. வீடு நிறைய உற்றார் உறவினர். பல நாள் ஊறவைத்த உலர்திராட்சையை வாரி இட்டுச் செய்த பெரிய கேக் மேசைமேல் இருந்தது. மணி மேசையின் கீழே அமர்ந்து எம் முகத்தையே நோக்கியது. அந்நோக்கை மறுக்கும் வன்மை எமக்கு இல்லை. ஒரு துண்டு கொடுத்தோம், மற்றொன்றும் கொடுத்தோம், சிறுவர்கள் எம்மைப் பார்த்துத் தாமும் கொடுத்தனர். எத்தனை துண்டு என்று எண்ணினார் ஒருவரும் இலர்.

நள்ளிரவில் மணி வாந்தி எடுத்தது. பொழுது விடியுமுன் மேலும் மூன்று முறை எடுத்தது. விடிந்தபோது வட்டிலின் ஓசைக்கும் அது தலை தூக்கவில்லை. தந்தையார் வண்டியை ஓட்ட, பாட்டியாரும் யாமும் மணியை ஒரு பழஞ் சேலையிற் சுற்றி மடியிற் கிடத்திக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம்.

மருத்துவர் வினவிய முதல் வினா, “நேற்று என்ன கொடுத்தீர்கள்?” என்பதே. யாம் விடை கூறினோம்: “வழக்கமான சோறுதான், ஐயா.” இவ்வாறு கூறியதற்குக் காரணம் நாணமன்றி வேறில்லை. அருகில் நின்ற பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. எம்மை மறுத்துப் பேசவும் இல்லை, எம் பக்கம் திரும்பிப் பார்த்தார், அவ்வளவே. மடியில் மணியின் மூச்சு விரைந்து ஓடிக்கொண்டிருந்தது. சிறிது நேரம் கழித்து யாம், “கேக் கொடுத்தோம், ஐயா. அதில் உலர்திராட்சை மிகுதியாக இருந்தது” என்றோம். மருத்துவர் சினந்துகொள்ளவில்லை. “இப்போதாவது சொன்னீர்களே, தம்பி. இது தெரியாவிட்டால் வயிற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்து அனுப்பியிருப்பேன், சிறுநீரகத்தைப் பார்த்திருக்க மாட்டேன்” என்று சொல்லி, உடனே குருதியைச் சோதிக்க எடுத்தார்.

திராட்சையும் உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு என்பதை அன்றே யாம் முதன்முறை கேட்டோம். எல்லா நாய்க்கும் ஒரே அளவில் அது தீங்கு செய்வதில்லை. எந்த நாய்க்கு எவ்வளவு தீங்காகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் இயலாது. சில நாய்களுக்குச் சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரைப் போக்கும். உண்ட இரண்டொரு மணி நேரத்துக்குள் கொண்டு சென்றால், மருத்துவர் வாந்தி செய்வித்து வெளியேற்றுதல் கூடும். விடிந்தபின் சென்ற எமக்கு அவ்வழி அடைபட்டிருந்தது. மூன்று நாள் நரம்பின் வழியே நீர் ஏற்றினர்; நாள்தோறும் குருதியைச் சோதித்தனர். மூன்றாம் நாள் மாலை மணி ஒரு கரண்டி கஞ்சியை நக்கியது. பாட்டியார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எம்மை ஒரு சொல்லேனும் கடிந்தாரில்லை. கடிந்திருந்தால் எமக்குச் சிறிது ஆறுதலாக இருந்திருக்கும்.

நிற்க. அதன்பின் யாம் மருத்துவரிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை இனி முறையே கூறுவோம்.

நாய் ஓநாயின் இனத்தது. அதன் வாயில் 42 பற்கள் உள. கிழித்தற்கும் வெட்டுதற்கும் ஏற்றவாறு அமைந்தவை அவை. ஆகவே, ஊனுணவே அதற்கு இயல்பு. சோறு இயல்பன்று என்பார் உளர். இது முழு உண்மையன்று. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரோடு வாழ்ந்து, மனிதர் எறிந்ததை உண்டு பழகிய நாயின் உடல் மாறியிருக்கிறது. 2013ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாப்பொருளைச் செரிக்கச் செய்யும் நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயினும் நாய்க்குப் பன்மடங்கு மிகுதி என்று காட்டினர். ஆதலின் நன்கு குழைய வெந்த சோறு நாய்க்குப் பகையன்று. ஆனால், சோறு மட்டுமே உணவாகாது. தயிர்ச்சோறு மட்டும் இட்டு வளர்க்கப்படும் நாய்க்குப் புரதம் போதாது, தசை மெலியும், மயிர் உதிரும். முட்டை, கோழி, மீன் ஆகியவற்றுள் ஒன்று அன்றாடம் வேண்டும். ஈரல் நல்லதே ஆயினும், அது நாள்தோறும் மிகுதியாக இடத்தக்கதன்று. அதிலுள்ள ‘ஏ’ உயிர்ச்சத்து உடலில் அளவுமீறிச் சேர்ந்தால் தீங்காகும். வீட்டுணவில் சுண்ணச்சத்துக் குறைதலும் உண்டு. ஆதலின், வீட்டுணவே இடுவோர் ஒருமுறையேனும் மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் நன்று.

இனி விலக்கத்தக்கவற்றைக் கூறுவோம். வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியிலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கும். பச்சையாயினும் வெந்ததாயினும் உலர்ந்து பொடியாயினும் அவற்றின் தீமை ஒன்றே. தீமை உடனே தோன்றாது. சில நாள் கழித்தே சோர்வும் வெளிறலும் தோன்றும். ஆதலின் காரணம் எவருக்கும் விளங்குவதில்லை. நம் குழம்பில் வெங்காயம் இல்லாத நாள் எந்நாள்? சாக்கலேட்டில் உள்ள தியோபுரோமின் என்னும் பொருளை நம் உடல் விரைவில் கழித்துவிடும். நாயின் உடல் மெல்லவே கழிக்கும். அது தங்கி இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். சாக்கலேட்டின் நிறம் கருக்கக் கருக்க நஞ்சும் மிகும். சர்க்கரை இல்லை என்று விற்கப்படும் சில மிட்டாய்களிலும் மெல்லும் பசைகளிலும் சைலிட்டால் என்னும் இனிப்புச் சேர்க்கப்படுகிறது. அது நாயின் குருதிச் சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தி மயக்கம் உண்டாக்கும், ஈரலையும் கெடுக்கும்.

திராட்சையின் நஞ்சு யாது என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. 2021ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள், அதிலுள்ள டார்ட்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று எடுத்துரைத்தனர். இவ்வமிலம் மிகுதியாக உள்ள மற்றொரு பொருள் யாதெனின், நம் அடுக்களையில் நாள்தோறும் கரைக்கப்படும் புளியே. புளி உண்ட நாய்களுக்கும் சிறுநீரகம் கெட்டதுண்டு என்று அவர்கள் காட்டுகின்றனர். குழம்பு சேருமுன் சோற்றை எடுத்து வைத்த எம் பாட்டியார் இவ்வாராய்ச்சியைப் படித்தவரல்லர். “காரமும் புளியும் நமக்கு, அதற்கு எதற்கு?” என்பதே அவர் அறிந்தது.

ஆயினும், பழமை என்பதனாலேயே எல்லாம் நன்றாகா. ஞாயிற்றுக்கிழமைதோறும் கோழியெலும்புகளைத் திரட்டி மணிக்கு இடுவது எம் வீட்டு வழக்கம்; பாட்டியாரும் அதனைத் தடுத்ததில்லை. வெந்த எலும்பு ஊசிபோற் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும் என்று மருத்துவர் கூறக் கேட்டபின், அவரே அவ்வழக்கத்தை நிறுத்திவிட்டார். எழுபது வயதைக் கடந்தவர் ஒரு நொடியில் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டார். படித்த யாமோ எம் வழக்கத்தை மாற்ற ஓர் உயிர் மூன்று நாள் வருந்த வேண்டியிருந்தது. பாலும் அத்தகையதே, வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை.

கடையில் விற்கும் நாயுணவைப் பற்றியும் ஒரு சொல். 1860ஆம் ஆண்டையொட்டி, ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் இங்கிலாந்தில் நாய்க்கென்றே ஒருவகைப் பிஸ்கோத்துச் செய்து விற்கத் தொடங்கினார். கப்பல் துறையில் மாலுமிகள் எறிந்த கெட்டிப் பிஸ்கோத்தை நாய்கள் விரும்பித் தின்றதைக் கண்டே அவர் அதனைச் செய்தார் என்று கூறுவர். அன்று தொடங்கிய வாணிகம் இன்று எம் ஊர்ப் பெட்டிக்கடை வரை வந்துள்ளது. அதனை வாங்குவோர் பொட்டலத்தின் மேலுள்ள படத்தைப் பாராது, பின்புறத்தில் உள்ள எழுத்தைப் படித்தல் வேண்டும். சேர்பொருள்கள் எடையில் மிக்கது முதலாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். முதலில் நிற்பது இறைச்சியா, தானியமா என்று காண்க. ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், வளர்ந்த நாயின் உணவில் நூற்றுக்கு 18 பங்கும், குட்டியின் உணவில் 22.5 பங்கும் புரதம் குறையாது இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கத்தின் அளவு. குட்டிக்கு உரியது வேறு, வளர்ந்ததற்கு உரியது வேறு. குட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளையும், வளர்ந்த நாய்க்கு இரு வேளையும் போதும். உணவை மாற்ற வேண்டின், ஒரே நாளில் மாற்றாது, பழையதிற் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுக.

எஞ்சியது தின்பண்டம், எம் குற்றமும் அதனிடத்தேதான். நாய்க்குத் தின்பண்டம் கொடுத்தலே கூடாதோ எனின், அற்றன்று, அளவு உண்டு. நாள் முழுவதும் அது பெறும் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டத்தால் வருதல் ஆகாது என்பது மருத்துவர் கொள்கை. 15 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 முதல் 950 கலோரி வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 90. சிறிய பிஸ்கோத்து ஒன்றில் 20 முதல் 25 கலோரி இருக்குமாயின், நான்கு பிஸ்கோத்திலேயே அன்றைய பங்கு முடிந்துவிடும். யாமோ பொட்டலம் முழுவதையும் கொடுத்தோம். நெய்யும் சர்க்கரையும் நிறைந்த அல்வாவைப் பற்றிச் சொல்லவே வேண்டா. மிகுந்த கொழுப்பு நாயின் கணையத்தை வீங்கச் செய்யும். பிஸ்கோத்துக்கு மாறாக அவித்த பூசணித்துண்டு, கேரட்டுத் துண்டு, விதை நீக்கிய ஆப்பிள், எலும்பு நீக்கி உப்பின்றி வேகவைத்த கோழித்துண்டு ஆகியவற்றை விரல்நுனி அளவில் கொடுக்கலாம். துண்டின் அளவை நாய் எண்ணுவதில்லை. கொடுக்கும் கையையே அது எண்ணுகிறது.

இவ்வளவும் அறிந்தபின் யாம் எம்மையே ஒரு வினா வினவினோம். மணி எம்மிடம் பிஸ்கோத்தைக் கேட்டதா? கேட்கவில்லை. முதல் விடுமுறையில் அது தயங்கிய ஒரு கணத்தை எம்மால் தாங்க இயலவில்லை. பசித்தது மணியன்று, யாமே பசித்தோம். நாள்தோறும் இரு வேளை உழைத்து அதன் அன்பைப் பெற்ற பாட்டியாரை, மாதத்துக்கொருமுறை ஒரு பொட்டலத்தால் வென்றுவிட எண்ணினோம். அப்பசிக்கு மணியின் சிறுநீரகத்தை இரையாக்க இருந்தோம். மருத்துவர் முன் யாம் சொன்ன பொய்யும் அப்பசியினின்றே பிறந்தது. மணியின் உயிரினும் எம் பெயரே பெரிதென்று அக்கணத்தில் எண்ணிவிட்டோம். திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு வள்ளுவர் மருந்து என்று பெயரிட்டு, அதில் பெரும்பாலும் உண்ணும் அளவைப் பற்றியே பேசுகிறார். அதனை வகுப்பிற் பயின்றபோது உண்போனுக்குரிய அறிவுரை என்று கொண்டோம். இடுவோனுக்கும் அஃது உரியது என்று இப்பொழுது கொள்கிறோம். தன் அளவைத் தானே காக்க இயலாத உயிருக்கு, இடுவோன் கையன்றோ அளவு?

மேசையினின்று விழும் துணிக்கைகளைப் பற்றிக் கானானியப் பெண் கூறிய மறுமொழியைக் கோயிலிற் பலமுறை கேட்டிருக்கிறோம். இன்று நம் மேசையினின்று விழும் துணிக்கைகளில் வெங்காயமும் புளியும் உலர்திராட்சையும் கலந்துள்ளன. விழுவதைப் பார்த்து விழவிடுதல் நம் கடன்.

2025ஆம் ஆண்டின் முதல் விடுமுறைக்கு ஊர் சென்றபோது யாம் ஒன்றும் வாங்கவில்லை. பேருந்து நிலையத்துக் கடையைத் தாண்டும்போது கால் தயங்கியது உண்மையே. வீட்டு வாயிலில் மணி எழுந்து வந்தது. எம் பையை மோந்தது, வலக்கையை மோந்தது, இடக்கையையும் மோந்தது. ஒன்றும் இல்லை என்று அறிந்தது. யாம் மூச்சடக்கி நின்றோம். அது சற்றே எம்மை நிமிர்ந்து நோக்கிப் பின்னர் வாலை ஆட்டியது. யாம் படியில் அமர்ந்ததும் எம் பாதத்தின்மேல் முகவாயை வைத்துப் படுத்துக்கொண்டது.

மாலையில் அடுக்களையினின்று வட்டிலின் ஓசை கேட்டது. மணி காதை நிமிர்த்தியது. பாட்டியார் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு வாயிற்படி வரை வந்தவர், எம்மைக் கண்டு நின்றார். வட்டிலை எம் கையில் நீட்டி, “இந்தா ஐயா, இன்றைக்கு நீ வை” என்றார்.